ஓடைக்காட்டூரில் பால் இருமிய வருஷம்

ஓடைக்காட்டூர்ப் பால் சொசைட்டியில் ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, வரிசையில் நாலாவதாக வைத்திருந்த கேன் இருமியது. பெரிய இருமல் என்று சொல்ல முடியாது. தூங்கி எழுந்த ஆள் வாசலில் வந்து நின்று இரண்டு தடவை கனைத்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றை இழுத்து இருமுவாரே, அந்த மாதிரி. பாலைச் சோதித்துக்கொண்டிருந்த டெஸ்டர் சடையப்பன், "தள்ளி நின்னு இருமுங்க, பால்ல தெறிக்கும்" என்று தலையைத் தூக்காமலே சொன்னார். வரிசையில் நின்ற யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த இருமலுக்குக் கேனின் மூடி ஒரு விரற்கடை எழும்பி டொப்பென்று உட்கார்ந்தது. சடையப்பன் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பால்தான் இருந்தது. நடுவில் ஒரு குமிழி மெதுவாகப் பெருத்து, உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இருமல் வந்தது.

அவர் லாக்டோமீட்டரை இறக்கிப் பார்த்தார். தண்ணீர் கலக்கவில்லை. மோந்து பார்த்தார். புளிக்கவில்லை. திரிந்த பாலைத் திருப்பி அனுப்பலாம், தண்ணீர்ப் பாலைத் திருப்பி அனுப்பலாம், இருமுகிற பாலைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு ஐந்தாவது கேனுக்குப் போனார்.

நாலாவது கேன் பாவாயியுடையது. பாவாயிக்கு நாற்பத்தோரு வயது. கட்டிக்கொடுத்த மூன்றாம் வருஷம் புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்ச் சேர்ந்தபிறகு, அண்ணன் குப்பண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்துகொண்டு, சீமாட்டி என்ற ஒற்றை எருமையை வைத்துத் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். சீமாட்டி என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. பேருந்து வந்தாலும் அது தெருவை விட்டு ஒதுங்காது. ஓட்டுநர் இறங்கி வந்து கேட்டுக்கொண்ட பிறகு, இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு ஒதுங்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் ஒன்பது மாடுகளின் பால் இருமத் தொடங்கிவிட்டது. ஆறு எருமை, மூன்று பசு. ஒன்றின் இருமல் போல ஒன்றின் இருமல் இல்லை. மேலத்தெரு ராமாத்தாளின் செவலைப் பசுவினுடைய பால் சளி கட்டின குழந்தை மாதிரி கொசகொசவென்று இருமியது, வாத்தியார் வீட்டு எருமையின் பால் வகுப்பை அடக்குகிற மாதிரி ஒரே ஒரு தடவை கனைத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. ஊர்ப் பெண்கள் இரண்டே நாளில் காதால் பாலை அடையாளம் கண்டுகொள்ளப் பழகினார்கள். சமையல் செய்துகொண்டே பக்கத்து வீட்டுச் சொம்பின் இருமலைக் கேட்டு, "ராமாத்தா, இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா இருமுது பாரு, ரெண்டு மிளகு தட்டிப் போடு" என்று சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து சொன்னார்கள். பால் இருமினால் என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியாதே தவிர, இருமலுக்கு என்ன செய்வது என்று நன்றாகத் தெரியும். ஆகவே கேன்களுக்குத் துண்டு சுற்றினார்கள், பனி படாமல் சாக்குப் போட்டு மூடினார்கள், சிலர் கேனுக்கு அடியில் ஒரு வெற்றிலையைக்கூட வைத்தார்கள்.

சனிக்கிழமை, கேன்களை ஏற்றிக்கொண்டு குளிரூட்டும் நிலையத்துக்குப் போன வண்டியைப் பவானி ரோட்டு சோதனைச் சாவடியில் ஒரு காவலர் நிறுத்தினார். தார்ப்பாய்க்குள் ஒன்பது பேர் இருமுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. "ஆளுகளை ஏத்திக்கிட்டுப் போறியா" என்று டிரைவரைக் கேட்டார். "பாலுங்க சார்" என்றான் டிரைவர். காவலர் தார்ப்பாயை விலக்கி, ஒவ்வொரு கேனாகத் திறந்து, ஒவ்வொன்றும் தன் முறைக்கு இருமுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப மூடினார். "மெதுவா ஓட்டு. குளிர்காத்து அடிக்குது" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

ஊரில் அதுவரை கறந்த சூட்டோடு நுரை தளும்பப் பச்சைப் பாலைக் குடிக்கிற பழக்கம் ஒன்று இருந்தது. உடம்புக்குப் பலம் என்று ஆண்கள் தொழுவத்திலேயே நின்று ஒரு சொம்பு குடிப்பார்கள். பால் இருமத் தொடங்கிய வாரத்தில் அப்படிக் குடித்த நாட்ராயன் என்பவருடைய வயிறு, அன்றைக்குப் பூராவும் ரேஷன் கடை வரிசையில் நின்று இருமியது; அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார், வயிறு இருமியது, முன்னால் நின்றவர்கள் எல்லாரும் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். அதற்கப்புறம் பச்சைப் பால் குடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. டீக்கடை ஒண்டிமுத்துதான் அதற்கு வழி கண்டுபிடித்தவர். பாலை ஒரு கொதி விட்டால் இருமல் கனைப்பாக மாறுகிறது, இரண்டாம் கொதியில் கனைப்பு விக்கலாகிறது, மூன்றாவது பொங்கு பொங்கிக் கொஞ்சநேரம் தளதளவென்று கொதித்தால் அப்புறம் சத்தமே இல்லை என்று அவர் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார். அன்றிலிருந்து ஓடைக்காட்டூரில் அடுப்பில் பால் வைத்தவர்கள் அது வாயை மூடுகிறவரைக்கும் இறக்குவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

மாரியம்மன் கோயில் பூசாரியும் பால் அபிஷேகத்தின்போது அம்மன் தலையில் பால் இருமியதைக் கேட்டார். சாமிக்கு இதில் என்ன விருப்பம் என்று தெரிந்துகொள்ள, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்லிப் பூக் கேட்டார்கள். எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டு பூவும் அதிலேயே இருந்தன. கூட்டம் பூசாரியைப் பார்த்தது. பூசாரி இரண்டு பூவையும் உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லுது" என்றார்.

கால்நடை மருத்துவர் மெஹர்நிஷா திங்கட்கிழமை தன் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயசு இருக்கும், அதிகம் பேசாதவர். ஒன்பது சொம்புகளையும் வரிசையாக வைத்து இருமலைக் கேட்டார். பிறகு ஊரிலுள்ள நூற்றுநாற்பது மாடு எருமைகளையும் ஊர்ச் சாவடி மைதானத்துக்கு ஓட்டிவரச் சொல்லி, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் இடத்தில் மயிரை மழித்து, அந்தத் தோலை மடித்துப் பிடித்து, காலிப்பர் என்கிற கவட்டைக் கருவியால் அதன் கனத்தை அளந்து, அதே இடத்தில் துளி மருந்தை ஊசியால் ஏற்றினார். "மூணு நாள் கழிச்சு வந்து திரும்ப அளப்பேன். வீங்கியிருந்தா நோய் இருக்கு, முன்னால அளந்த மாதிரியே இருந்தா இல்ல" என்றார்.

அந்த மூன்று நாளும் ஊர் தன் மாடுகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அளந்தபோது, பால் இருமிய ஒன்பதுக்கும் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மற்ற எதற்கும் வீங்கவில்லை.

"இது காசநோய். மனுஷருக்கு வர்ற டி.பி. மாதிரியேதான்" என்று மெஹர்நிஷா சாவடியில் நின்று சொன்னார். "மாட்டுக்கு இதுக்கு வைத்தியம் பண்றதில்ல. ஒன்பதையும் மத்த மாட்டோட சேர்க்காம தனியா வெக்கணும். பாலை விக்கக் கூடாது, வீட்டுலயும் குடிக்கக் கூடாது, வத்த விட்டுடுங்க. மாட்டுகிட்டேருந்து பால் வழியா, மூச்சு வழியா நமக்கு வரும். நம்மகிட்டேருந்து மாட்டுக்கும் போகும். யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. மனுஷருக்கு மருந்து இருக்கு. ஆறு மாசத்துல முழுசா குணமாகும்."

கூட்டத்தின் கடைசியில் நின்ற பாவாயி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கிருந்து நழுவினாள்.

சடையப்பன் அதைப் பார்த்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. பெண் தேடித் தேடி அலுத்துப்போன ஒரு பத்து வருஷத்துக்கு அப்புறம் அவரும் தேடவில்லை, வீட்டிலும் தேடவில்லை. காலை ஐந்தரை மணிக்கு சொசைட்டிக் கதவைத் திறந்ததும், கரும்புக்காட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்பது அவருக்கு ஒரு வருஷமாகப் பழக்கம். இரண்டு சின்னது, ஒன்று நீளமானது. அது முடிந்து ஐந்து நிமிஷம் கழித்துப் பாவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத மாதிரி கேனோடு வந்து வரிசையில் நிற்பாள். புதன்கிழமை நாலாவது கேன் இருமியபோது அவர் நிமிராமல் தள்ளி நிற்கச் சொன்னதற்குக் காரணம், அது அவளுடைய இருமல்தான் என்று நினைத்ததுதான். கேனைத் திறந்து பார்த்தபிறகும் அந்த நினைப்பு மாறவில்லை. சீமாட்டியின் பால் பாவாயியின் இருமலையே இருமியது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, குப்பண்ணன் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துத் தொழுவத்துக்குப் போனார். பாவாயி சீமாட்டியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டெஸ்டரு. பால்தான் ஊத்தக் கூடாதுன்னுட்டாங்களே, எதுக்கு வந்தீங்க?"

"பாலுக்கு வரல." சடையப்பன் எருமையைப் பார்த்தபடி சொன்னார். "உன்ற இருமல் எனக்குத் தெரியும் பாவாயி. கரும்புக்காட்டுல இருமறது சொசைட்டி வரைக்கும் கேக்கும்."

பாவாயியின் கை நின்றது.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமாத் தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க."

"நீ மறைக்கறயேன்னு நானும் மறைச்சேன். தப்புத்தான். இப்பப் பாலே சொல்லிப்போட்டுது."

பாவாயி எருமையின் அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "இந்தப் பாவத்தை வாயில்லாச் சீவனுக்கு நானே குடுத்துட்டனோ, அதுதான் எனக்குக் குடுத்துச்சோ, தெரியலீங்க. நேத்துலேருந்து அதை நினைச்சாச் சோறு இறங்க மாட்டேங்குது. மாட்டைத் தனியாக் கட்டச் சொல்லிட்டாங்க. மேய, தண்ணி குடிக்க ஒரு இடம் வேணும்னு அதுக்குப் பார்ப்பாங்க. என்னைத் தனியாக் கட்டினா எங்க கட்டுவாங்க?"

சடையப்பனுக்கு இந்த மாதிரி பேச்செல்லாம் பழக்கம் கிடையாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, லாக்டோமீட்டரைப் பார்த்துப் படிப்பது போலத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு மேட்டுக்காடு ரெண்டு ஏக்கரா சும்மா கிடக்குது. கிணத்துல தண்ணி இருக்குது. ஒன்பது மாட்டையும் அங்க விட்டுக்கலாம்னு ஊர்ல சொல்லிட்டு வந்துட்டேன். உன்னை யாரும் எங்கயும் கட்ட வேண்டாம். ஆறு மாசம் மாத்திரையைத் தின்னு. அது முடிஞ்சதும், உனக்கு இஷ்டமிருந்தா, நாம ரெண்டு பேரும் கட்டிக்கலாம்."

எருமைக்கு அந்தப்பக்கம் பாவாயி இருமினாள். இரண்டு சின்னது, ஒன்று நீளமானது. இந்த முறை முந்தானையை வைத்து அமுக்காமல், தலையைத் திருப்பிக்கொண்டு, நன்றாகவே இருமினாள்.

"ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி பஸ்ஸு?" என்று கேட்டாள்.

சளியைச் சோதித்துப் பார்த்து டி.பி. என்று சொல்லி அன்றைக்கே மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். வேறு யாருக்கும் இல்லை. செவிலியர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, பின்கட்டு அறையைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் காத்தும் வெளிச்சமும் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சியோடு குப்பண்ணன் பேசியே நாலைந்து வருஷம் இருக்கும். சண்டை எதுவும் இல்லை, பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. செவிலியர் போனதும் அவர் கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து, பாவாயியின் அறைச் சுவரில் கிழக்குப் பக்கமாக ஓங்கிக் குத்தினார். சாயந்திரத்துக்குள் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. புழுதிக்குள் நின்றுகொண்டு, "காத்து வருதா அம்மிணி?" என்று கேட்டார்.

"வருதுங்ணா" என்றாள் பாவாயி. அவள் அழுததற்குப் புழுதிதான் காரணம் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கடப்பாரைச் சத்தம் ஊரில் மற்றவர்களையும் சும்மா இருக்கவிடவில்லை. அடுத்த வீட்டுக்காரர் தன் சமையற்கட்டில் ஒன்று உடைத்தார், அதற்கடுத்த வீட்டுக்காரர் தொழுவத்தில் இரண்டு உடைத்தார், நாட்ராயன் உற்சாகத்தில் அளவு தெரியாமல் உடைத்து ஒரு பக்கச் சுவரே இல்லாமல் இருந்தார். கார்த்திகை பிறக்கும்போது ஓடைக்காட்டூரில் இருட்டு அறை என்று ஒன்று மிஞ்சவில்லை. மலையிலிருந்து இறங்குகிற காற்று ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஏழு வீடு வழியாக வெளியே போயிற்று, போகிற வழியில் ராமாத்தாளின் குழம்பு வாசனையைக் கொண்டுபோய் வாத்தியார் வீட்டில் விட்டது, வாத்தியார் வீட்டு ரேடியோவை டீக்கடையில் விட்டது. இதுவரை நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாத பங்காளிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பார்த்தபின் பேசாமல் இருப்பது நன்றாக இல்லையே என்று பேசவும் தொடங்கினார்கள்.

ஒன்பது மாடுகளும் மேட்டுக்காட்டுக்குப் போன நாளில் யாரும் சொல்லாமலே ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. அவற்றுக்குக் கொம்பு சீவி, நெற்றியில் மஞ்சள் வைத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பதற்கு, ஒன்பது வீட்டுக்காரர்களும் முறைபோட்டு, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டி, தீவனம் போட்டு, கை கால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார்கள். பாவாயியை முதல் இரண்டு மாசம் மாடுகளுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று மெஹர்நிஷா சொல்லியிருந்தார். அவள் தினமும் காலையில் வந்து வேலிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். சீமாட்டி மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து வேலிக்கு அந்தப்பக்கம் படுத்துக்கொள்ளும். மடி வற்ற வற்ற ஊரில் இருமல் குறைந்துகொண்டே வந்தது. அந்த ஒன்பதின் பால் வராததால் சொசைட்டியிலும் எந்தக் கேனும் இருமவில்லை. சடையப்பன் பழக்கம் விடாமல் ஒவ்வொரு கேனிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினார்.

தை மாதம், சினையாக இருந்த சீமாட்டி ஒரு கிடாரிக் கன்றை ஈன்றது. எழுந்து நிற்கும் முன்பே கன்றைத் துணியில் சுற்றி, ராமாத்தாளின் நோயில்லாத எருமையிடம் கொண்டுபோய் விட்டார்கள். அந்த எருமை அதை இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு நக்கத் தொடங்கியது. சீமாட்டி அதற்கப்புறம் இருபது நாள் இருந்தது. ஏற்கெனவே மெலிந்துபோயிருந்த உடம்பு. ஒரு மத்தியானம் வேலியோரத்தில், பாவாயி உட்காருகிற இடத்தைப் பார்த்தபடியே படுத்து, அப்படியே போய்விட்டது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு அங்கேயே புதைத்தார்கள். மறுநாள் காலைப் பேருந்து, குறுக்கே ஒன்றும் இல்லாத தெருவில், ஊர்ச் சாவடி முன்னால் தானாக இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போயிற்று. ஓட்டுநர் இறங்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை.

பாவாயி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. மாத்திரையை மட்டும் விடவில்லை. நாலாம் நாள் கன்றைப் போய்ப் பார்த்து, குண்டுமணி என்று பெயர் வைத்துவிட்டு வந்தாள்.

சித்திரைக் கடைசியில் சுகாதார நிலையத்தில் சளியில் ஒன்றும் இல்லை, நுரையீரல் சுத்தம், மாத்திரை போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வைகாசியில் கல்யாணம். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி முடித்து, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பால் பழம் கொடுக்கப் போனபோது, நாதஸ்வரக்காரர் தானாகவே வாசிப்பை நிறுத்தினார், தவில் நின்றது, இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த டம்ளருக்குக் காது கொடுத்தார்கள். பால் ஒன்றும் சொல்லவில்லை. ஒண்டிமுத்து மூன்று பொங்கு விட்டுக் கொண்டுவந்த பால். பாவாயி பாதியைக் குடித்து மீதியை நீட்ட, சடையப்பன் குடித்தார், தவில் மறுபடி பிடித்துக்கொண்டது.

ஆனி மாதத்தில் மெஹர்நிஷா இரண்டாம் சோதனைக்கு வந்தார். மேட்டுக்காட்டில் மிச்சமிருந்த எட்டைத் தவிர, ஊரிலிருந்த எல்லா மாடுகளுக்கும் கழுத்தில் அளந்து ஊசி போட்டார். குண்டுமணிக்கும் போட்டார். மூன்று நாள் கழித்து, வெயில் ஏறும் முன்னால் சாவடி மைதானத்தில் ஊர் மொத்தமும் கூடியிருந்தது. மாடு ஒவ்வொன்றாக வந்தது. மெஹர்நிஷா தோலை மடித்து, காலிப்பரை வைத்து, மூன்று நாள் முன்னால் குறித்த அளவோடு ஒப்பிட்டு, "சமம்" என்றார். அடுத்தது. "சமம்." அடுத்தது. "சமம்." அவர் சொல்லச் சொல்ல, மைதானம் முழுவதும் அந்த வார்த்தையை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியாகக் குண்டுமணி. பாவாயி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள். மெஹர்நிஷா ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்தார்.

"சமம்" என்றார். "ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கா."

பாவாயி கயிற்றைச் சடையப்பன் கையில் கொடுத்தாள். பிறகு மெஹர்நிஷாவுக்கு முன்னால் வந்து, கன்று நின்ற இடத்திலேயே நின்று, சடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தைச் சாய்த்தாள்.

"எனக்கும் ஒருக்கா அளந்து பாருங்க டாக்டரம்மா."

"உங்களுக்குத்தான் ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்களே."

"அது காகிதத்துல. நீங்க வாயால சொல்லுங்க. கேக்கறதுக்கு நல்லா இருக்குது."

மெஹர்நிஷா காலிப்பரைப் பஞ்சில் துடைத்து, பாவாயியின் கழுத்துத் தோலை இரண்டு விரலால் மடித்து, மாட்டுக்கு எவ்வளவு கவனமாக அளந்தாரோ அதே கவனத்தோடு அளந்தார்.

"சமம்" என்றார்.

சடையப்பன் உடனே சட்டைக் காலரை இறக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் குப்பண்ணன். அவருக்குப் பின்னால் ராமாத்தாள், வாத்தியார், நாட்ராயன், டீக்கடையைப் பூட்டாமலே ஓடிவந்த ஒண்டிமுத்து, அபிஷேகத்தைப் பாதியில் விட்டுவந்த பூசாரி, இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், தடி ஊன்றிய கிழவர்கள். வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்து ஆலமரம் வரை போயிற்று. மெஹர்நிஷா யாரையும் போகச் சொல்லவில்லை. ஒருவர் விடாமல், மத்தியானம் வரை, கருவியைத் துடைத்துத் துடைத்து அளந்தார். சமம், சமம், சமம் என்று சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போயிற்று. சமம் என்று கேட்டவர்கள் எல்லாரும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, ஏதோ பரிசு வாங்கின மாதிரி சிரித்துக்கொண்டு போனார்கள். சிலர் சுற்றி வந்து இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள். அவர் தெரிந்தும் தெரியாதது போல அவர்களுக்கும் அளந்தார்.

கடைசி ஆளும் போனபிறகு பாவாயி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மெஹர்நிஷா குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, காலிப்பரைப் பெட்டியில் வைக்கப் போனவர், வைக்காமல் பாவாயியின் கையில் கொடுத்தார். துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைச் சாய்த்தார்.

"இப்ப நீங்க எனக்குப் பாருங்க."

பாவாயிக்கு அந்தக் கருவியைப் பிடிக்கத் தெரியவில்லை. முதலில் தலைகீழாகப் பிடித்தாள். பிறகு திருப்பிப் பிடித்து, இரண்டு விரலால் டாக்டரம்மாவின் தோலை மடித்து, அதில் இருந்த எண் எதுவும் புரியாவிட்டாலும் கண்ணைக் கிட்டே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து, ஊரின் அந்தக் கோடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சமம்."